வாசலில் நின்று அழுதவர்கள்

கி.பி. 250 ஜூன் 26. எகிப்தில் அலெக்சாந்தர் தீவு என்று பெயர் கொண்ட ஒரு சிற்றூரில் 72 வயதுக் கிழவர் ஒருவர் அதிகாரிகளிடம் ஒரு மனு கொடுத்தார். பெயர் அவுரேலியுஸ் தியோகெனஸ். அங்க அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு. எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போது அதிகாரிகள் கண்ணெதிரே பலியிட்டு, பானம் வார்த்து, படையலையும் உண்டதாகவும், அதற்குச் சான்று தர வேண்டும் என்றும் அந்தப் பாப்பிரஸ் தாள் கேட்கிறது. பள்ளிச் சான்றிதழில் இரண்டு மச்சங்களை எழுதி வாங்கிய நம்மவர்களுக்கு இந்த நடைமுறை புதிதாகத் தோன்றாது.

கிழவர் கிறிஸ்தவரா, இல்லையா என்பதைத் தாள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ரோமப் பேரரசர் தெசியுஸின் ஆணை எல்லாருக்கும் பொது. ஆட்சி ஆட்டம் கண்டிருந்த நேரம் அது. எல்லையில் கோத்தியர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். தேவர்களின் கோபத்தைத் தணித்தால் நாடு பிழைக்கும் என்று அரசர் நம்பினார். குடிமக்கள் யாவரும் பலியிட்டுச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்கிய சான்றுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் கிடைத்திருக்கின்றன.

மற்றவர்களுக்கு அது ஒரு அலுவலக வேலை, அவ்வளவுதான். கிறிஸ்தவர்களுக்கோ அது விசுவாச மறுப்பு. ரோம் நகர ஆயர் ஃபாபியான் அந்த ஜனவரியிலேயே உயிரைவிட்டார். அப்படிச் சாகத் துணிந்தவர்கள் குறைவு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் நடந்ததை அதன் ஆயர் சிப்ரியான் மனம் கசந்து எழுதியிருக்கிறார். கூப்பிடுமுன்பே மக்கள் நகர மன்றத்துக்கு ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்களும் உண்டாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

தவறியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தவறவில்லை. சிலர் மிருகத்தைப் பலியிட்டு இறைச்சியைத் தின்றார்கள். சிலர் இரண்டு சிட்டிகை சாம்பிராணி போட்டதோடு சரி. இன்னும் சிலர் கெட்டிக்காரர்கள். பலியும் இடவில்லை, தூபமும் காட்டவில்லை. அதிகாரியின் கையில் பணத்தை வைத்துச் சான்றை மட்டும் வாங்கிவந்தார்கள். நாங்கள் எதையும் செய்யவில்லையே, காகிதம்தானே வாங்கினோம் என்பது அவர்கள் வாதம். இந்த மூன்று வகைக்கும் லத்தீனில் தனித்தனிப் பெயரே ஏற்பட்டது.

251ஆம் ஆண்டு தெசியுஸ் கோத்தியரோடு நடந்த போரில் மாண்டார். அதற்கு முன்பே கெடுபிடி தளரத் தொடங்கியிருந்தது. தவறியவர்கள் திரும்பி வந்து கோயில் வாசலில் நின்றார்கள், நூற்றுக்கணக்கில். திருச்சபைக்கு உண்மையான தலைவலி அங்கேதான் தொடங்கியது.

அதுவரை இருந்த வழக்கம் மிகக் கடுமையானது. ஞானஸ்நானம் எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும்; அதற்குப் பிறகு கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும்பாவத்தில் விழுந்தால் என்ன செய்வது? இரண்டாம் நூற்றாண்டு ரோமில் எழுந்த 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்ற நூல் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு என்றது. அதற்கே அன்று பலர் முகம் சுளித்தார்கள். கார்த்தேஜின் தெர்த்துல்லியன், கப்பல் உடைந்தபின் கைக்கு அகப்படும் பலகை என்று அந்த ஒரு வாய்ப்பைப் பற்றி இளகிய மனதோடு எழுதினார். பிற்காலத்தில் கடும்போக்குக் குழுவொன்றில் சேர்ந்ததும் அந்தப் பலகையையும் அவரே பிடுங்கிக்கொண்டார்.

ஒன்றிரண்டு பேருக்காக ஏற்பட்ட சட்டம் அது. பாதிச் சபையே விழுந்து கிடக்கும்போது அதை வைத்து என்ன செய்வது?

முடிவு சொல்ல வேண்டிய சிப்ரியானின் நிலையும் அவ்வளவு சௌகரியமாக இல்லை. துன்புறுத்தல் தொடங்கியதும் அவர் ஊரைவிட்டு வெளியேறி ஒளிந்திருந்தார். ஒளிவிடத்திலிருந்தே கடிதம் எழுதிச் சபையை நடத்தினார். மந்தையை விட்டு ஓடிய மேய்ப்பன் என்று ரோமின் குருக்கள் ஜாடையாகக் குத்தினார்கள். ஓடியவர் எப்படி விழுந்தவர்களை விசாரிப்பது?

இதற்கிடையே சிறையில் இருந்தவர்களிடமிருந்து வேறொரு குழப்பம் கிளம்பியது. சித்திரவதையைத் தாங்கி விசுவாசத்தை அறிக்கையிட்ட அவர்களுக்கு மக்களிடையே பெரிய மரியாதை. தவறியவர்கள் அவர்களிடம் போய்ச் சமாதானச் சீட்டு கேட்டார்கள். அவர்களும் தாராளமாக எழுதித் தந்தார்கள். இன்னாரை 'அவரைச் சேர்ந்தவர்களோடு' ஏற்றுக்கொள்ளவும் என்று பொத்தாம்பொதுவாக எழுதப்பட்ட சீட்டுகளைக் கண்டு சிப்ரியான் அலறியேவிட்டார். அவரைச் சேர்ந்தவர்கள் என்றால் யார்? சொந்தக்காரன், அடிமை, அண்டை வீட்டான் என்று ஒரே சீட்டில் இருபது முப்பது பேர் வந்து நிற்பார்களே! விசுவாசத்தை மறுக்க ஒரு சீட்டு, மறுத்த குற்றத்திலிருந்து விடுபட இன்னொரு சீட்டு என்று ஆகிப்போனது நிலைமை.

251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். காகிதம் மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியாக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம். உண்மையாகவே பலியிட்டவர்கள் நீண்ட தவம் செய்ய வேண்டும். சாகும் தறுவாயில் அவர்களுக்கு ஒப்புரவு கிடைக்கும். ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் துன்புறுத்தல் வரும் போலிருந்தபோது இந்த விதியையும் தளர்த்தினார்கள். தவத்தில் நிலைத்திருந்த எல்லாருக்கும் கதவு திறந்தது. போருக்குப் போகிறவனை ஆயுதமில்லாமல் அனுப்பக் கூடாது என்பது சிப்ரியானின் நியாயம். விதிகளை வகுத்தவர்களே நிலைமையைப் பார்த்து அவற்றை மாற்றவும் துணிந்தார்கள் என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம்.

ரோமில் நொவாசியான் என்ற கல்விமான் இதை ஏற்கவில்லை. விசுவாசத்தை மறுத்தவனைச் சேர்க்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லித் தனிச் சபை கண்டார். தூயவர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்ட அவருடைய கூட்டம் சில நூற்றாண்டுகள் நீடித்தது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர் சங்கத்துக்கு வந்திருந்த அந்தச் சபையின் ஆயர் அகேசியுஸிடம், ஏணி ஒன்றை வைத்து நீர் மட்டும் தனியாக வானத்துக்கு ஏறிப்போம் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் கிண்டலடித்ததாக வரலாற்றாசிரியர் சோக்ராத்தெஸ் எழுதி வைத்திருக்கிறார்.

நொவாசியானுக்குச் சரியான பதில் ஒரு வாதமாக வரவில்லை, ஒரு கிழவரின் கதையாக வந்தது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியுஸ், கடும்போக்குப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. செராப்பியோன் என்ற முதியவர் வாழ்நாளெல்லாம் குற்றமில்லாமல் இருந்துவிட்டுத் துன்புறுத்தலில் பலியிட்டுவிட்டார். பிறகு பலமுறை மன்னிப்புக் கேட்டும் ஒருவரும் செவிகொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் சற்றுத் தெளிந்ததும் பேரனை அழைத்து, என்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள், சீக்கிரம் விடுதலை கொடுங்கள், ஒரு குருவைக் கூட்டிவா என்றார். பையன் ஓடினான். இரவு நேரம். குருவுக்கும் உடம்பு சரியில்லை. சாகக் கிடப்பவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது தியோனீசியுஸ் போட்டிருந்த கட்டளை. எனவே குரு நற்கருணையில் ஒரு துண்டைப் பையன் கையில் கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் இடச் சொல்லி அனுப்பினார். பையன் வாசலுக்கு வருமுன்பே முதியவர் விழித்துக்கொண்டு, வந்துவிட்டாயா மகனே, குருவால் வர முடியவில்லை, அவர் சொன்னதை நீ செய் என்றாராம். பையன் அப்படியே செய்தான். கிழவர் விழுங்கினார், உயிர் போயிற்று.

சடங்கு நூல் எதிலும் இந்தக் காட்சிக்கு இடமில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க குரு அங்கே இல்லை, தவக்காலம் நிறைவேறவில்லை, மன்னிப்பைக் கொண்டுவந்தது ஒரு சிறுவன். அந்தக் காலத்து ஆவணங்களில் இதைவிட நெஞ்சைத் தொடும் ஒன்று இருக்கிறதா என்பது சந்தேகமே.

ஒளிந்திருந்த சிப்ரியானின் கதை எப்படி முடிந்தது? 257இல் வலேரியன் ஆட்சியில் அடுத்த அலை வந்தது. இம்முறை அவர் ஓடவில்லை. 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜ் அருகே தலை வெட்டப்பட்டு இறந்தார்.

நான்காம் நூற்றாண்டில் அரசு கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பியது. உயிர்ப்பயம் போனபின் மனந்திரும்புதலுக்கு ஒரு முறையான அமைப்பு உருவாகியது. கிழக்கில் அது கோயில் கட்டடத்தோடேயே பிணைந்திருந்தது. பாவி எவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கிறான் என்பதை அவன் நிற்கும் இடமே காட்டிவிடும். முதல் படி, வெளிவாசலில் நின்று உள்ளே போகிறவர்களிடம் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அழுவது. இரண்டாவது, வாசலுக்கு உட்புறம் நின்று வேதவாசகத்தை மட்டும் கேட்டுவிட்டு வெளியேறுவது. மூன்றாவது, உள்ளே முழந்தாளிட்டு விழுந்து கிடப்பது. நான்காவது, மற்றவர்களோடு கடைசிவரை நிற்கலாம், ஆனால் நற்கருணை கிடையாது. கப்பதோக்கியாவின் பசிலியார் வேண்டுமென்றே கொலை செய்தவனுக்கு 20 ஆண்டு விதித்தார்: 4 ஆண்டு அழுகை, 5 ஆண்டு கேட்டல், 7 ஆண்டு முழந்தாள், 4 ஆண்டு நிற்றல். போரில் கொன்ற வீரனைக் கொலைகாரன் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் கை சுத்தமில்லை என்பதால் மூன்று ஆண்டு நற்கருணையைத் தவிர்ப்பது நல்லது என்று யோசனை சொன்னார். எந்த ராணுவமும் விரும்பிக் கேட்கக்கூடிய யோசனை அல்ல அது.

இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நிசேயா சங்கமே, தவம் செய்பவனின் கண்ணீரையும் பொறுமையையும் நற்செயலையும் பார்த்து ஆயர் காலத்தைக் குறைக்கலாம் என்று சேர்த்து எழுதியது. வெறுமனே ஆண்டைக் கழித்துவிட்டால் போதும் என்று இருப்பவனுக்குத்தான் முழுக் கணக்கும்.

மேற்கே ரோமில் ஃபாபியோலா என்ற பிரபுகுலப் பெண்ணைப் பார்க்கலாம். நடத்தை கெட்ட கணவனை விலக்கிவிட்டு, அவன் உயிரோடிருக்கும்போதே மறுமணம் செய்தவர். இரண்டாம் கணவன் இறந்தபின், பாஸ்கா திருநாளுக்கு முன்பாக லாத்தரன் கோயிலில் தலைவிரி கோலமாக, நகரமே பார்க்கத் தவம் செய்வோர் வரிசையில் நின்றார். பிறகு சொத்தை விற்று ரோமில் ஒரு மருத்துவமனை தொடங்கி, புண் வழியும் நோயாளிகளைத் தாமே சுமந்தார். அவர் இறந்தபின் 399இல் இதையெல்லாம் எழுதிய எரோணிமுஸ், பெண்களைப் பற்றி எப்போதும் இவ்வளவு கனிவாகப் பேசுகிறவர் அல்ல.

பேரரசர் தியோதோசியுஸின் தவம் இதைவிடப் பிரபலம். 390இல் தெசலோனிக்கா மக்கள் ராணுவத் தளபதியைக் கொன்றதற்குப் பழியாக, விளையாட்டரங்கில் கூடியவர்களை வெட்டச் செய்தார் அரசர். 7,000 பேர் என்பது பின்னாளில் தியோதொரேத்து தரும் கணக்கு. மிலான் ஆயர் அம்புரோஸ் கோயில் வாசலில் கையை நீட்டி அரசரைத் தடுத்து நிறுத்துவதை ரூபன்ஸ் முதல் பலர் ஓவியமாக்கினார்கள். ஓவியத்துக்கு ஏற்ற காட்சிதான். நடந்திருக்கத்தான் வாய்ப்புக் குறைவு. அம்புரோஸின் கடிதம் இன்றும் இருக்கிறது. ஊரைவிட்டு விலகிப் போய், பிறர் கண்ணில் படாமல் தம் கைப்பட எழுதி, நீர் கோயிலில் இருந்தால் என்னால் பலி ஒப்புக்கொடுக்க இயலாது என்று மெதுவாகச் சொல்லும் கடிதம் அது. அரசர் அணிகலன்களைக் களைந்து சபை முன் அழுதார் என்பது மட்டும் அம்புரோஸே சொல்வது. தாவீது அரசனைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசியும் அரண்மனைக்குள்தானே பேசினார்!

இத்தனை கம்பீரமான ஏற்பாடு ஏன் நிலைக்கவில்லை? காரணம் மிகச் சாதாரணமானது. வாழ்நாளில் ஒரே முறைதான் தவம். அதை ஏற்றவனுக்கு மன்னிப்புக்குப் பிறகும் திருமணம், ராணுவம், வணிகம் எல்லாவற்றிலும் தடை. எனவே மக்கள் கணக்குப் போட்டார்கள். இளமையில் தவம் செய்துவிட்டுப் பிறகு விழுந்தால் கதி என்ன? சாகும்போது பார்த்துக்கொள்ளலாம். திருச்சபையும் அதையே சொல்ல வேண்டி வந்தது. 506இல் கூடிய அக்து சங்கம், இளைஞர்களுக்குத் தவத்தை எளிதில் கொடுக்க வேண்டாம் என்றது. ஊரே பார்க்க நடந்த தவம் மரணப்படுக்கைச் சடங்காகச் சுருங்கியது. கடுமையை மேலும் மேலும் ஏற்றியவர்கள், வாசலில் அழ வருகிறவனே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

மாற்று வழி ரோமிலிருந்து வரவில்லை. பேரரசு எட்டாத அயர்லாந்தின் மடங்களிலிருந்து வந்தது. அங்கே துறவிகள் தங்கள் குற்றங்களை ஓர் ஆன்ம வழிகாட்டியிடம் தனியாக, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வது வழக்கம். அதையே குடும்பத்தாருக்கும் விரித்தார்கள். ஃபின்னியன், கொலும்பானுஸ் போன்றோர் எந்தப் பாவத்துக்கு எத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று பட்டியல் தயாரித்தார்கள். நோய்க்கு எதிர்க்குணமுள்ள மருந்து என்பது அவர்கள் தத்துவம்: பேராசைக்காரன் தானம் செய்யட்டும், வாயாடி மௌனமாக இருக்கட்டும். கொலும்பானுஸ் கி.பி. 590 வாக்கில் கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டுக்கு வந்தபோது இந்த வழக்கமும் கடல் தாண்டியது. அதே காலத்தில், 589இல், ஸ்பெயினின் தொலேதோ சங்கம், பாவம் செய்யும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கும் இதுபோன்ற அருவருப்பான வழக்கத்தை நிறுத்துங்கள் என்ற தோரணையில் கண்டித்தது. இன்று உலகக் கத்தோலிக்கர் செய்வது அந்த 'அருவருப்பான வழக்கம்' தான்.

பட்டியல் என்று வந்துவிட்டால் பேரமும் வரும். ஓராண்டு நோன்புக்குப் பதில் இத்தனை சங்கீதம், இத்தனை காசு என்று மாற்றுக் கணக்கு பிறந்தது. இங்கிலாந்தில் பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய ஒரு குருக்கள் கையேடு, செல்வாக்குள்ளவன் ஏழு ஆண்டு நோன்பை மூன்றே நாளில் முடிக்க வழி சொல்கிறது. முதலில் 12 பேர் அவனுக்காக மூன்று நாள் நோன்பிருக்க வேண்டும். கூடவே 120 பேர் வீதம் ஏழு குழுக்கள், அவர்களும் மூன்று நாள். 36ஐயும் 2,520ஐயும் கூட்டினால் 2,556. ஆண்டுக்கு 365 என்று வைத்தால் ஏழு ஆண்டுக்கு 2,555 நாள். ஒரு நாள் கூடுதலாகவே கொடுத்துவிட்டார்கள்! கூலிக்கு மாரடிப்பதை நாம் பழமொழியாக வைத்திருக்கிறோம். அவர்கள் அதை வாய்ப்பாடாகவே போட்டுவிட்டார்கள்.

இந்தப் பாதை பின்னாளில் பாவத்தின் தண்டனையைக் குறைக்கும் பலன் சீட்டு விற்பனையில் போய் முடிந்ததும், 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்விகளும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவருடைய 95 கருத்துரைகளில் முதலாவதே மனந்திரும்புதலைப் பற்றியது என்பதைச் சொன்னால் போதும். முந்திய ஆண்டுதான் எராஸ்முஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டிருந்தார். 'மெத்தானோயா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மனம் மாறுதல் என்பதே பொருள். லத்தீன் அதைத் தவம் செய்யுங்கள் என்று படித்துக்கொண்டிருந்தது. தமிழ் வேதாகமத்தின் 'மனந்திரும்புங்கள்' கிரேக்கத்துக்கே நெருக்கமானது.

கத்தோலிக்கத் தரப்பில் 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் ஏற்கெனவே விதியை முடிவு செய்துவிட்டது. விவரம் தெரிந்த வயதுள்ள ஆண், பெண் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தங்கள் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். கேட்டதை வெளியில் சொன்ன குருவுக்குப் பதவி போகும். ஆயுள் முழுவதும் மடத்துக்குள் தவம். வலைத்தடுப்பு வைத்த மரக்கூண்டு இதற்கெல்லாம் வெகு காலம் பிந்தியது. அதுவரை குரு திறந்த இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வந்தவர் பக்கத்தில் முழந்தாளிடுவார். மிலானின் பேராயர் சார்லஸ் பொரோமேயோ 1577இல் வெளியிட்ட கட்டட விதிகள் அந்தக் கூண்டின் அளவுகளை வகுத்தன.

அதே நூற்றாண்டில் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் வேறொரு சிக்கல். 1530களில் பரதவ மக்கள் திரளாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542இல் வந்த சவேரியார் ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்து கற்பித்தார். மனப்பாடத்தைக் கொண்டு கற்பிக்கலாம். ஒருவன் வாய்திறந்து சொல்லும் பாவத்தைக் கேட்க அது போதாது. நடுவில் துபாஷியை வைத்துக்கொண்டால் ரகசியம் மூன்றாம் காதுக்குப் போகும். மீன் வாடியில் சொன்ன பேச்சே மாலைக்குள் கரை முழுதும் பரவும் ஊர்களில், பெண்டாட்டியை அடித்ததையும் முத்தை ஒளித்ததையும் யார் துபாஷி முன் சொல்வார்?

போர்த்துக்கீசிய இயேசுசபைத் துறவி அண்டிறீக்கு அடிகளார் என்ற என்ரிக்கே என்ரிக்கஸ் தமிழைக் கற்றதில் இந்தத் தேவைக்குப் பெரிய பங்கு உண்டு. யூத வம்சாவளியில் வந்தவர். அந்தக் காரணத்தாலேயே ஐரோப்பாவில் ஒரு துறவு மடத்தின் கதவு அவருக்கு மூடப்பட்டிருந்தது. கடற்கரையில் அரை நூற்றாண்டு வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் அடியார் வரலாறு என்று தமிழ் அச்சின் தொடக்கமே அவர் கையால் நடந்தது. இவற்றின் நடுவே, 1580இல் கொச்சியில் அச்சானது பாவசங்கீர்த்தனக் கையேடு. பேர் 'கொம்பெசியொனாயரு'. கட்டளை கட்டளையாக மனதைச் சோதித்து, என்ன செய்தோம் என்று நினைவுபடுத்திச் சொல்லக் கற்றுக்கொடுக்கும் நூல். தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் ஒன்று, குற்றத்தை எப்படி ஒப்புக்கொள்வது என்று சொல்லித்தருவது.

அதே போர்த்துக்கீசியச் சொற்குடும்பத்தில் வந்த 'கும்பசாரம்' மலையாளத்தில் இன்றும் வழங்குகிறது. தமிழில் அதைத் தள்ளிவிட்டு வடமொழித் தொடர் ஒன்று இடம்பிடித்தது: பாவசங்கீர்த்தனம். சங்கீர்த்தனம் என்றால் உரக்கப் பாடிப் போற்றுவது. கூண்டுக்குள் கிசுகிசுப்பாகச் சொல்வதற்கு இப்படி ஒரு பெயர் வைத்தவருக்குப் பழைய கோயில் வாசல் நினைவில் இருந்ததோ என்னவோ. 1973இல் ரோம் புதிய சடங்குமுறையை வெளியிட்டபின் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்ற பெயர் பரவியது. ஆனாலும் கடற்கரை ஊர்களில் பெரிய வியாழனுக்கு முன் வரிசையில் நிற்கும் மூதாட்டிகளிடம் கேட்டால் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.

அண்டிறீக்கு அடிகளாரின் அந்தக் கையேடு ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. புருவத் தழும்போடு கையெழுத்தான தியோகெனஸின் சான்று பெர்லினில்.